பல்லைப் பார், ஏர் பூட்டிப் பார்: பழைய டீசல் பிக்கப் வாங்குமுன் ஒரு பாடம்



அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் மாடு வாங்கிய பெரியவர்களை நம்மில் பலரும் பார்த்திருப்போம். மாட்டின் நிறத்தைப் பார்த்து யாரும் பணத்தை எடுக்க மாட்டார்கள். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். குளம்பைத் தூக்கிப் பார்ப்பார்கள். உழவு மாடென்றால் ஏர் பூட்டிப் பார்த்த பிறகுதான் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவார்கள். இதையெல்லாம் கூடவே நின்று பார்த்து வளர்ந்த நான், பழைய பிக்கப் வண்டி வாங்கப் போனபோது பெயின்டைப் பார்த்து ஏமாந்தேன். அந்தத் தவறில் கற்றதைத்தான் இங்கே பாடமாக எழுதுகிறேன்.

தாளவாடி மலையில் நாங்கள் ஆறு குடும்பங்கள் சேர்ந்து இயற்கை முறையில் காய்கறி செய்கிறோம். சனிக்கிழமைதோறும் திம்பம் மலைப்பாதை இறங்கி, சத்தி வழியாகக் கோவைக்குக் கொண்டுபோய் வீடுகளுக்கு நேரடியாகக் கொடுக்கிறோம். வாடகை வண்டியை நம்பி இரண்டு வருசம் ஓட்டினோம். முகூர்த்த நாளென்றால் வண்டி கிடைக்காது. சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம்.

பார்க்கப் போன முதல் வண்டியையே வாங்கிவிட்டோம். புதுப் பெயின்ட், புது சீட் கவர். நாங்கள் போவதற்குள் வண்டியை ஸ்டார்ட் செய்து வெளியே எடுத்து நிறுத்தியிருந்தார்கள். சாவியைத் திருகியதும் டக்கென்று பிடித்தது. சமதளத்தில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தோம். "ஒண்ணும் பிரச்சனை இல்லீங்ணா, எடுத்தா டீசல் மட்டும் ஊத்துங்க, போதும்" என்றார் விற்றவர். எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

இரண்டாவது மாதம், கடலைப் புண்ணாக்கு மூட்டைகளோடு திம்பம் ஏறும்போது பாதி வளைவு தாண்டியதும் சூட்டு முள் சிவப்புக்குப் போய்விட்டது. திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள். யானை நடமாடும் காடு, இருட்டினால் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு. இன்னொரு வண்டியில் கயிறு கட்டித்தான் மேலே வந்தோம். எஞ்சினைப் பிரித்த மெக்கானிக் காட்டினார்: ஹெட் கேஸ்கட் போயிருந்தது. ஹெட்டை ஏற்கெனவே ஒருமுறை கழற்றித் தேய்த்து மாட்டியிருந்தார்கள். ரேடியேட்டர் பாதி அடைத்திருந்தது. அது வெளியே தெரியாமல் இருக்க, தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்திருந்தார்கள்.

செலவு 62,000 ரூபாய். அதைக்கூடத் தாங்கிக்கொண்டோம். வண்டி 19 நாள் ஷெட்டில் கிடந்தது, அதுவும் பீன்ஸும் தக்காளியும் கொட்டுகிற பருவத்தில். மூன்று சனிக்கிழமை கோவைக்குப் போகவில்லை. மருந்தடிக்காமல் விளைவித்த காய், மருந்தடித்த காயோடு சேர்ந்து வியாபாரியின் மூட்டைக்குள் போனது. எங்களை நம்பிக் காத்திருந்த வீடுகளில் சில திரும்ப வரவே இல்லை. காயை ஒரு வாரத்தில் மறுபடி விளைவிக்கலாம். போன வாடிக்கையாளரைத் திரும்பக் கொண்டுவருவதற்கு ஒரு வருசம் ஆகிறது.

இவ்வளவுக்கும் காரணம் வண்டி பழையது என்பதல்ல. பழுது தன் அடையாளங்களைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. எங்களுக்குப் பார்க்கத் தெரியவில்லை. நம்பகம் என்பது கம்பெனிப் பெயரிலோ மீட்டர் காட்டும் கிலோமீட்டரிலோ இல்லை. அந்த ஒரு வண்டி என்ன பாரம் சுமந்தது, எப்படிப் பராமரிக்கப்பட்டது என்பதில் இருக்கிறது. மண்ணைப் போல வண்டியும் தன் வரலாற்றைத் தன் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கும். அதைப் படிக்கும் வழிகளை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் தேவையா என்று கணக்குப் போடுங்கள்

ஓர் எடுத்துக்காட்டு. 2,50,000 ரூபாய்க்கு வாங்கி, ஐந்து வருசம் கழித்து 1,25,000-க்கு விற்றால் தேய்மானம் வருசத்துக்கு 25,000. போட்ட பணத்துக்கு வட்டி 25,000. இன்சூரன்ஸ், எஃப்சி, வரி எல்லாம் சேர்த்து 30,000. டயர், ரிப்பேர் 40,000. ஆக வருசத்துக்கு 1,20,000. வருசத்துக்கு 60 நடை ஓட்டினால், டீசலும் டிரைவர் கூலியும் சேர்க்காமலே ஒரு நடைக்கு 2,000 ரூபாய் விழுகிறது. 120 நடை ஓட்டினால் 1,000-தான்.

இந்தத் தொகைகளுக்குப் பதிலாக உங்கள் ஊர்த் தொகையைப் போட்டு, வாடகை வண்டிக்காரர் கேட்பதோடு ஒப்பிடுங்கள். வாரம் ஒரு நடைதான் என்றால் பல இடங்களில் வாடகையே மேல். இல்லாவிட்டால் பக்கத்து உழவர் குழுவோடு சேர்ந்து ஒரு வண்டி வைத்துக்கொள்வது நல்லது. கடன் வாங்கி வண்டியை நிறுத்தி வைப்பது, கடன் வாங்கி உரம் போட்டதைவிட மோசமான பொறி.

2. எந்தத் தலைமுறை வண்டி?

நம்ம ஊரில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று அளவு. 2005-இல் வந்த டாடா ஏஸ், நாம் குட்டி யானை என்கிறோமே அது, இரண்டு சிலிண்டர் எஞ்சினோடு முக்கால் டன் பாரத்துக்கானது. 2011-இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் மூன்று சிலிண்டர், ஒன்றேகால் டன் வகை. மஹிந்திரா பொலிரோ பிக்கப் நான்கு சிலிண்டர், இரண்டரை லிட்டர் எஞ்சின். மாடலைப் பொறுத்துப் பாரம் மாறும். எது நல்லது என்று கேட்காதீர்கள். உங்கள் பாரத்துக்கும் உங்கள் பாதைக்கும் எது பொருந்தும் என்று கேளுங்கள். முக்கால் டன் வண்டியில் ஒன்றரை டன் ஏற்றினால் எந்தக் கம்பெனி வண்டியும் நிற்காது.

அதைவிட முக்கியம், வண்டி எந்த மாசு விதிக் காலத்தது என்பது. நாடு முழுக்க 2017 ஏப்ரலில் பிஎஸ்-4, 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 நடைமுறைக்கு வந்தன. பழைய மெக்கானிக்கல் பம்ப் எஞ்சினை ஊர் மெக்கானிக்கே பிரித்து மாட்டிவிடுவார். காமன் ரயில் எஞ்சின் மைலேஜ் தரும், இழுவை தரும். ஆனால் கலப்பட டீசலைத் தாங்காது. இன்ஜெக்டர் போனால் செலவு பெரிது. பழுதைக் கண்டுபிடிக்க ஸ்கேனர் வேண்டும். உங்கள் ஊரிலிருந்து ஸ்கேனர் வைத்திருக்கும் ஷெட் எவ்வளவு தூரம் என்று முதலில் பாருங்கள். அந்தத் தூரமும் நம்பகத்தில் சேர்த்திதான்.

பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் பொதுவாகப் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கும். டிபிஎஃப் என்பார்கள். எஞ்சின் நன்றாகச் சூடாகித் தொடர்ந்து ஓடும்போதுதான் அதில் சேர்ந்த கரி எரிந்து தீரும். தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நாலு கிலோமீட்டர், நிறுத்தி நிறுத்தி ஓட்டுவதே உங்கள் வேலை என்றால் அது அடைத்துக்கொண்டே இருக்கும். வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் நீளமாக ஓடும் வண்டிக்கு அந்தத் தொல்லை குறைவு. சில வண்டிகளில் இந்த வடிகட்டியின் உள்பாகத்தையே தோண்டி எடுத்திருப்பார்கள். எஃப்சி-க்குப் போகும்போது அது உங்கள் தலையில் விடியும்.

3. என்ன வேலை பார்த்த வண்டி?

உரிமையாளரைவிட ஓட்டிய டிரைவரிடம் பேசுங்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "அண்ணே, இதுல என்ன ஏத்துவீங்க, எந்த ரூட்டு?" என்று கேட்டால் பாதி வரலாறு வந்துவிடும். கூரியர், பிஸ்கட், துணி ஏற்றிய வண்டிக்கு உடம்பு தேய்ந்திருக்காது. மணல், செங்கல், ஜல்லி, குடிநீர் கேன் ஏற்றியதென்றால் சேசிஸையும் ஸ்பிரிங் பட்டையையும் இருமடங்கு கவனமாகப் பாருங்கள். மீன் வண்டியும் கோழி வண்டியும் உப்பாலும் எச்சத்தாலும் அடியிலிருந்து துருப்பிடிக்கும்.

நமக்கென்று தனியாக ஒரு கேள்வி உண்டு: பூச்சிமருந்தோ ரசாயன உரமோ ஏற்றியதா? யூரியா மூட்டை ஏற்றிய பின்பாடி சந்துகளில் உரத்தூள் தங்கும், இரும்பையும் தின்னும். அப்படிப்பட்ட வண்டியை வாங்கினால் பின்பாடிப் பலகையை மாற்றுவதற்கு ஆகும் செலவையும் விலையில் கழியுங்கள். அங்ககச் சான்று வைத்திருப்பவர்கள் வண்டியைக் கழுவிய தேதியை நோட்டில் குறித்து வைப்பது நல்லது. காய் மட்டும் சுத்தமாக இருந்தால் போதாது. அது போகிற வழியும் சுத்தமாக இருக்க வேண்டும்.

மீட்டரைத் திருப்பி வைப்பது எளிது, தேய்மானத்தைத் திருப்ப முடியாது. பிரேக், கிளட்ச் பெடல் ரப்பர், ஸ்டீயரிங்கில் கை படும் இடம், கியர் குமிழ், டிரைவர் சீட்டின் ஓரம் இவை வழுவழுவென்று தேய்ந்து கிடக்க, மீட்டர் 60,000 கிலோமீட்டர் என்று காட்டினால் நம்பாதீர்கள். பழைய சர்வீஸ் பில்களில் அன்றைய கிலோமீட்டர் எழுதியிருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள்.

4. காலையில் போங்கள், குளிர்ந்த எஞ்சினைப் பாருங்கள்

இதுதான் முக்கியமான சோதனை. நாங்கள் தவறவிட்டதும் இதைத்தான். முந்தின நாளே சொல்லிவிடுங்கள்: "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க." விடிகாலையில் போய் முதலில் பானட் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு, இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். சூடாக இருக்கும்போது ஒருக்காலும் திறக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும். உள்ளே நிறமுள்ள கூலன்ட் இருக்க வேண்டும். செம்மண் தண்ணீர் மாதிரி துரு கலந்திருந்தால் பல வருசம் வெறும் தண்ணீரில் ஓட்டியிருக்கிறார்கள் என்று பொருள். எண்ணெய்ப் படலம் மிதந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஆயில் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். டீசல் எஞ்சின் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும், அது குற்றமில்லை. பால் காபி நிறத்தில் நுரைத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அளவுக்கு மேல் ஏறி டீசல் வாடை அடித்தால் டீசல் இறங்குகிறது.

இப்போது சாவியைப் போடுங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு, ஆயில் விளக்கு, பேட்டரி விளக்கு எல்லாம் எரிய வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். சாவி போட்டபோதே ஏதாவது ஒன்று எரியவில்லை என்றால், அந்தப் பழுது தெரியாமலிருக்க பல்பையே கழற்றியிருக்கலாம்.

ஸ்டார்ட் செய்ததும் ஒருவர் வண்டிக்குப் பின்னால் நின்று புகையைப் பாருங்கள். முதலில் லேசாகப் புகை வந்து தெளிவது இயல்பு.

கரும்புகை தொடர்ந்தால் டீசல் கூடுதல், காற்றுக் குறைவு. ஏர் ஃபில்டர் அடைப்பாக இருந்தால் சின்னச் செலவு, இன்ஜெக்டராக இருந்தால் பெரிய செலவு. நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. ரிங், வால்வு சீல் அல்லது டர்போ தேய்ந்திருக்கும். கண் எரிகிற வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் டீசல் முழுசாக எரியவில்லை, கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம். இனிப்பு வாடையோடு வெள்ளை ஆவி வந்தால் கூலன்ட் உள்ளே எரிகிறது, ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியை மெதுவாகத் தளர்த்திப் பாருங்கள். லேசாக ஆவி வரலாம். குப் குப்பென்று தள்ளினால், மூடியே துள்ளினால் அதைத்தான் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்கிறார்கள். ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்துவிட்டன, எஞ்சின் வேலை பக்கத்தில் வந்துவிட்டது.

ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள், எஞ்சின் சூடேறுமுன்பே ரேடியேட்டரின் மேல் குழாய் கல் மாதிரி விறைத்தால், சிலிண்டர் அழுத்தம் தண்ணீர்ப் பாதைக்குள் கசிகிறது. இதுவும் ஹெட் கேஸ்கட் கதைதான். எங்கள் வண்டியில் அன்று காலையில் இதைத் தொட்டுப் பார்த்திருந்தால் 62,000 மிச்சம்.

சூட்டு முள்ளையும் கவனியுங்கள். மெல்ல ஏறி நடுவில் வந்து அசையாமல் நிற்க வேண்டும். எவ்வளவு ஓட்டியும் அடியிலேயே கிடந்தால் "எஞ்சின் கூலா ஓடுதுங்க" என்று பெருமையாகச் சொல்வார்கள். நம்பாதீர்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றியிருக்கலாம், அல்லது சென்சார் வேலை செய்யாமல் இருக்கலாம். சமதளத்தில் அது மறைந்து நிற்கும். மலையில் பாரத்தோடு ஏறும்போதுதான் வெளியே வரும்.

5. ஏர் பூட்டிப் பாருங்கள்

வெறும் வண்டியை ஓட்டிப் பார்ப்பது மாட்டைக் கட்டுத்தறியில் பார்ப்பது போலத்தான். அனுமதிக்கப்பட்ட எடைக்குள் பாரம் ஏற்றி, பக்கத்தில் உள்ள ஏற்றத்தில் அரைமணி நேரமாவது ஓட்டுங்கள். டீசல் செலவை நாமே கொடுத்துவிடலாம்.

மேல் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. இறக்கத்தில் கியரிலேயே காலை எடுத்துவிட்டுப் போங்கள். கியர் தானாக வெளியே குதித்தால் கியர் பாக்ஸ் வேலை இருக்கிறது. இறக்கம் முடிந்து மறுபடி ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது நீலப் புகை குப்பென்று வந்தால் வால்வு சீல், கைடு தேய்ந்திருக்கும். வேகம் கூடக் கூடப் பின்னாலிருந்து கொய்ங் என்று ஊளைச் சத்தம் வந்தால் கிரவுன். கியர் போட்டு எடுக்கும்போது அடியில் டணக் என்று தட்டினால் கிராஸ் அல்லது சென்டர் பேரிங். பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கிறதா, மலைக்கு ஹேண்ட் பிரேக் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

திரும்பி வந்து நிறுத்தியதும் நாலு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டை உணருங்கள், தொட வேண்டாம். மூன்று ஒரே மாதிரியும் ஒன்று மட்டும் தகிப்பாகவும் இருந்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் ஒட்டுகிறது, அல்லது பேரிங் போகிறது. எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். காலையில் நன்றாகப் பிடித்து, சூட்டில் பிடிக்கத் திணறும் வண்டிகளும் உண்டு.

6. படுத்துப் பாருங்கள்

கூச்சப்படாமல் ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுங்கள். சேசிஸ் நீளத்துக்கும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடம், குறுக்குச் சட்டங்கள் சேரும் இடம் இவற்றில்தான் விரிசல் வரும். வெல்டிங் அடித்த தழும்பு, ஒட்டுப் போட்ட தகடு, ஓர் இடத்தில் மட்டும் புதிதாக அடித்த கறுப்புப் பெயின்ட் இவையெல்லாம் கேள்வி கேட்க வேண்டிய அடையாளங்கள். சேசிஸ் முறிந்து ஒட்டிய வண்டியை எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள். மலைப்பாதையில் அது உயிர்ப் பிரச்சனை.

ஸ்பிரிங் பட்டைகளை எண்ணிப் பாருங்கள். கம்பெனி கொடுத்ததைவிடக் கூடுதலாகப் பட்டை போட்டிருந்தால் அதிக பாரம் ஏற்றிய வண்டி. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. முன்டயர் ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட், பால் ஜாயின்ட், கிங்பின் எதிலோ கோளாறு, அல்லது அடிபட்ட வண்டி.

இவ்வளவையும் நாமே பார்த்த பிறகு, நம்ம மெக்கானிக்கைக் கூலி கொடுத்துக் கூட்டிப்போங்கள். விற்பவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம். கம்ப்ரஷன் சோதனையும் காமன் ரயில் வண்டியென்றால் ஸ்கேனர் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகக் குறைந்தால் விலையைக் குறைக்காதீர்கள், வண்டியையே விடுங்கள். எங்கள் வண்டியைப் பிரித்த சத்தி மெக்கானிக் ஒரு வார்த்தை சொன்னார்: "வாங்குறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிட்டிருந்தா ஆயிரம் ரூபாயோட போயிருக்குமுங்க."

7. காகிதமும் வண்டியின் உறுப்புதான்

ஆர்சி-யில் உள்ள சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றித் தேய்த்த தடம் இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு எஃப்சி, இன்சூரன்ஸ் காலாவதித் தேதி, கட்டாத அபராதம் எல்லாவற்றையும் பார்க்கலாம்.

ஆர்சி-யில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான என்ஓசி-யும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வேறு மாநில வண்டி மலிவாகக் கிடைக்கும். அதற்குப் படிவம் 28, புதிய பதிவு, வரி என்று அலைச்சல் இருக்கிறது. தாளவாடியில் எங்களுக்குக் கர்நாடக வண்டிகள் பக்கத்தில் கிடைப்பதால் இதைச் சொல்கிறேன். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். இல்லாவிட்டால் வண்டி அடிபட்டால் அதற்கு இழப்பீடு கிடைப்பது சிக்கல்.

வணிகப் பதிவு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்சி, அதற்குப் பிறகு ஆண்டுதோறும் எஃப்சி. 15 ஆண்டு தாண்டிய வண்டிக்குக் கட்டணம் கூடுதல். ஒவ்வோர் எஃப்சி-க்கும் பெயின்ட், டிங்கரிங் என்று செலவு வரும், கணக்கில் சேருங்கள். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை; அதற்கு மேல் என்றால் தேவை. நாமே ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: சாதாரண இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்திருக்கிறது.

8. வாங்கிய முதல் மாதம்

எங்கள் குழுவில் இப்போது ஒரு விதி வைத்திருக்கிறோம். கையில் உள்ள பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்துவிட்டு மீதிக்குத்தான் வண்டி தேடுவது. அந்தப் பங்கு முதல் மாத வேலைக்கு: எஞ்சின் ஆயில், டீசல், ஏர் ஃபில்டர்கள், கூலன்ட், பெல்ட், ரேடியேட்டர் குழாய்கள், பிரேக் ஆயில், கியர் பாக்ஸ், கிரவுன் ஆயில். எதையும் விற்றவர் "போன மாசம்தான் மாத்துனேன்" என்று சொன்னதை நம்பி விடாமல் எல்லாவற்றையும் ஒருமுறை மாற்றி, தேதியும் கிலோமீட்டரும் எழுதி வையுங்கள். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால், மாற்றிய பில் இல்லாவிட்டால் உடனே மாற்றுங்கள். அது அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

அந்தப் பழைய வண்டியை நாங்கள் பழுது நீக்கி, என்னென்ன வேலை செய்தோம் என்பதை மறைக்காமல் சொல்லி, நட்டத்துக்குத்தான் விற்றோம். நமக்கு நடந்ததை இன்னொருவருக்கு நடத்த மனசு வரவில்லை. அடுத்ததற்கு ஐந்து வண்டி பார்த்தோம். இரண்டில் பானட் சூடாக இருந்தது. ஒன்றில் சேசிஸ் ஒட்டு. ஒன்றில் காகிதம் சரியில்லை. ஐந்தாவது, பெயின்ட் உரிந்து கதவு நெளிந்த ஒரு துணிக்கடை வண்டி. குளிர்ந்த எஞ்சின் முதல் திருகலில் பிடித்தது, புகை தெளிந்தது, பத்து மூட்டையோடு ஏற்றத்தில் முள் நடுவிலேயே நின்றது, பில்கள் ஒரு பையில் இருந்தன. அதைத்தான் எடுத்தோம்.

பார்க்க அழகாக இல்லை என்று வீட்டில் இன்னும் சொல்கிறார்கள். ஆனால் அது வந்த பிறகு ஒரு சனிக்கிழமைகூட நாங்கள் கோவைக்குப் போகாமல் இருந்ததில்லை. வண்டி பார்க்கப் போகும் நண்பர்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள். எட்டில் ஒன்று சரியில்லை என்றாலும், முன்பணம் கொடுக்காமல் வீட்டுக்கு வந்து ஓர் இரவு தூங்கி எழுந்து முடிவெடுங்கள். நல்ல மாடு அடுத்த சந்தைக்கும் வரும்.